குழந்தைக்கு ஆட்டிசம்: வீட்டில் என்ன செய்யலாம்? செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சிறப்பாசிரியராகப் போய்வருகிறேன். உள்ளே உட்கார்ந்து பேசும்போது பெற்றோர் அதிகம் கேட்பதில்லை. விடைபெற்றுக்கொண்டு முகப்பில் செருப்பை மாட்டும்போதுதான் மனத்தில் கிடந்த கேள்வி வெளியே வரும். நின்றபடி அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இருக்கும் ஒரு வேறுபாடு; பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு மாதிரி வரும். பல இடங்களில் 'அவன்' என்று எழுதியிருப்பது பழக்கத்தால். ஆண் குழந்தைகளிடம்தான் ஆட்டிசம் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. பெண் குழந்தைகளுக்கும் உண்டு. அவர்களிடம் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

இரண்டேகால் வயதாகிறது, இன்னும் பேசவில்லை. 'இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்' என்கிறார் அப்பத்தா. பொறுத்துப் பார்க்கலாமா?

அப்பத்தா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட குழந்தை, வாய் பேசாவிட்டாலும் கையாலும் கண்ணாலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஆகவே வாயைப் பார்ப்பதற்கு முன் விரலைப் பாருங்கள். முற்றத்தில் காகம் வந்து உட்கார்ந்தால், அதைச் சுட்டிக்காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கும் அந்தப் பார்வைதான் பேச்சின் வேர். ஒன்றரை வயதிலும் சுட்டிக்காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டவில்லை என்றால் பொறுக்க வேண்டாம். முன்பு சொன்ன சில சொற்கள் நின்றுபோயிருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் காது. 'பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டால் இரண்டாம் கட்டிலிருந்து ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது' என்பார்கள். சில ஒலிகள் கேட்டு, பேச்சொலிகள் சரியாகக் கேட்காமலிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெரா எனப்படும் கேட்புப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பிறகு ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேட எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அது சல்லடை மட்டுமே, முடிவு அல்ல.

மருத்துவர் பெயர் வைக்கும்வரை வீட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கீழே நான் சொல்லும் விளையாட்டும் பேச்சும் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்யாது. ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரியவந்தாலும் நட்டம் ஒன்றுமில்லை.

எங்கே காட்டுவது? மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டுமா?

அரசின் ஆர்பிஎஸ்கே என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கும், அங்கேயே சொல்லலாம். இல்லையென்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென ஒரு துறை இருப்பது நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. சென்னை முட்டுக்காட்டில் நீப்மெட் என்னும், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய் முழுமையான மதிப்பீடு செய்துகொண்டு வந்தால், அதை வைத்து இங்கே பல மாதங்களுக்கு வேலை செய்யலாம்.

சான்றிதழ் வாங்குங்கள். 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்று அஞ்சி ஒளித்துவைத்த குடும்பங்கள் பிறகு வருந்தியதைத்தான் பார்த்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்துவிட்டால், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவத்துக்கும் தெரபிக்கும் அதில் இடமுண்டு. நம் அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற நீண்ட பெயரைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். அந்தப் பெயர் எனக்குச் சிறிதும் ஒப்பவில்லை. இந்தக் குழந்தைகளுக்குப் புற உலகம் தெரியாமல் இல்லை. பல நேரங்களில் அது தாங்க முடியாத அளவுக்குத் தெரிகிறது.

நான் செய்த தவறா? வேலைக்குப் போனதால், கைபேசியைக் கொடுத்ததால், தடுப்பூசியால் வந்ததா?

இல்லை, இல்லை, இல்லை. மூன்றுக்கும் அதே பதில்.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் மருத்துவ உலகில் ஆட்டிசம் தனியாக அடையாளம் பெற்றது. அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயிடம் பாசம் இல்லாததால்தான் இது வருகிறது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதை மறுத்து நூலே எழுதினார். அறிவியல் அந்தப் பழியை விட்டுவிட்டது. நம் வீட்டு வளவுகளில் அது இன்னும் விடவில்லை. பெண் வேலைக்குப் போனாள், கர்ப்பக் காலத்தில் அழுதாள், பிள்ளையோடு பேசவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

தடுப்பூசிக் கதைக்கு மூலம் 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. எழுதியவர் மருத்துவம் பார்க்கும் உரிமையை இழந்தார். தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை போடுவதும், ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவதும் ஏறத்தாழ ஒரே வயதில். அதனால்தான் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகத் தோன்றுகிறது. ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவில் மூளை உருவாகும்போதே அது தொடங்கிவிடுகிறது.

கைபேசி காரணம் அல்ல. ஆனால் அது நேரத்தைத் தின்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து விளையாடினால் கிடைப்பதைத் திரை தராது. ஒரேயடியாகப் பிடுங்காமல், முதலில் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

ட்யூஷன் மாதிரி மேசை போட்டு, பிள்ளையை நாற்காலியில் அமுக்கி, பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அழும். சற்று நேரத்தில் தாயும் அழுவார். மூன்று வயதுப் பிள்ளைக்குக் குளிப்பதும் உடுத்துவதும் உண்பதும் மாடிப்படி ஏறுவதும்தான் பாடம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நிமிடம் நீங்கள் உண்மையிலேயே அவனோடு இருந்தால், மாலைக்குள் அது மணிக்கணக்காகச் சேர்ந்துவிடும்.

முதல் வேலை, தரையில் உட்காருவது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுப் பட்டாலைத் தரையில் ஆத்தங்குடிக் கற்களின் பூ விளிம்பை ஒட்டிப் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டார் அதைக் கலைத்துவிட்டு 'இங்கே பார், இது என்ன நிறம்?' என்று கேட்பார்கள், அவன் அலறுவான். நான் அடுத்த கல்லில் உட்கார்ந்து, என் பங்குக்குச் சில கொட்டைகளை அவனைப் போலவே அடுக்கினேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாளும் அவன் தள்ளிப் போய் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் என் வரிசையில் ஓர் இடைவெளி விட்டிருந்தேன். அவன் ஒரு கொட்டையை எடுத்துவந்து அதில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்காக மூன்று நாள் காத்திருந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. (எதையும் வாயில் போடும் பிள்ளைக்குப் புளியங்கொட்டை வேண்டாம். பெரிய மரச்செப்புகளைக் கொடுங்கள்.)

இரண்டாவது, காத்திருப்பது. பெற்றோருக்கு மிகக் கடினமானது இதுதான். குளிப்பாட்டும்போது ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த செம்பை மொண்டு, தலைக்கு மேலே பிடித்தபடி நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பேசாதீர்கள். அவன் நிமிர்ந்து பார்க்கலாம், உங்கள் கையைத் தொடலாம், 'ஊ' என்று ஒலி எழுப்பலாம், துள்ளலாம். எதுவானாலும் அது கேட்டதாகவே பொருள். உடனே 'ஊற்று!' என்று சொல்லி ஊற்றுங்கள். நாம் பத்து வரை எண்ணுவதில்லை. இரண்டு எண்ணுவதற்குள் 'என் ராசா, தங்கம், தண்ணீர் சுடுகிறதா, இன்னும் ஊற்றவா, கண்ணை மூடு' என்று கொட்டிவிடுகிறோம். பேச்சு வெள்ளமாக வரும்போது பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் சிக்குவதில்லை. அவன் ஒரு சொல்லும் சொல்லாத நிலையில் இருந்தால் நீங்கள் ஒற்றைச் சொல் சொல்லுங்கள். அவன் 'ஊற்று' என்றால், நீங்கள் 'தண்ணீர் ஊற்று' என்று ஒன்றைக் கூட்டுங்கள்.

நம் அடுக்களையும் நல்ல இடம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே ஓலைக் கொட்டானில் கலந்துவைத்துப் பிரிக்கச் சொல்லலாம். இடியாப்ப உழக்கை அவன் கைமேல் கைவைத்து அமுக்கி, மாவு நூலாக இறங்குவதைப் பார்க்கவிடலாம். உளுந்து ஊறிய தண்ணீரில் கைவிட்டு அளையச் சொல்லலாம். பிசுபிசுப்பு பிடிக்காத பிள்ளை கையை உதறினால் வற்புறுத்தக் கூடாது. அன்று கரண்டியால் தொட்டாலே போதும். வேலையைப் பாதி நீங்கள் செய்து, கடைசிப் படியை அவனுக்கு விடுங்கள். சட்டையைத் தலைவழி மாட்டி, ஒரு கையை நீங்கள் நுழைத்து, மறு கையை அவனே நுழைத்துக்கொள்ளட்டும். முடித்தது தான்தான் என்ற நிறைவு அவனுக்கு வேண்டும். கற்றபின் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடலாம்.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. பட்டம் பெற்ற சிகிச்சையாளர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, தாயிடமே போட்டுக்காட்டி, எங்கே பிள்ளை ஏதோ சொல்ல வந்தது, எங்கே அதைத் தவறவிட்டோம் என்று சேர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இணைந்து போவது கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. இதை நீங்களே செய்யலாம். வாரம் ஒருமுறை கைபேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். இரவில் பிள்ளை தூங்கியபின் இருவருமாகப் பாருங்கள். நாம் எவ்வளவு பேசுகிறோம், அவன் திரும்பிப் பார்த்த கணத்தில் நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதெல்லாம் அப்போது தெரியும்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமா?

போகாது. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. சில பிள்ளைகளுக்குப் பேச்சு வர அவை உதவவும் செய்கின்றன. கேட்டால் கிடைக்கும் என்று ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை, எளிதான வழி கிடைத்தால் அதற்கு மாறிவிடும். பேச்சு அந்த எளிதான வழி.

கடையில் விற்கும் ஆப்பிள், பஸ் படங்களைவிட உங்கள் வீட்டுப் பொருள்களின் புகைப்படங்களே நல்லவை. அவனுடைய எவர்சில்வர் டம்ளர், அவனுடைய ஊஞ்சல், அப்பத்தா முகம். ஒரு கயிற்றில் துணி கிளிப் போட்டு, காலை முதல் மதியம் வரை நடக்கப்போவதை வரிசையாகத் தொங்கவிடுங்கள். முடிந்ததை அவனே கழற்றிக் கொட்டானில் போடட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால் பாதி அழுகை குறையும். கொஞ்சம் வளர்ந்தபின், படத்தைத் தொட்டால் குரலில் பேசும் அவாஸ் போன்ற செயலிகள் உண்டு. சென்னையில் உருவான அதில் தமிழிலும் பேசவைக்கலாம்.

'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டால், 'தண்ணீர் வேண்டுமா?' என்றே திருப்பிச் சொல்கிறான். பைத்தியம் போல் இருக்கிறது என்கிறார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவன் அழகாகப் பேசியிருக்கிறான். தாகம் எடுக்கும்போதெல்லாம் தன் காதில் விழுந்த ஒலி 'தண்ணீர் வேண்டுமா' என்பதுதான். ஆகவே தாகத்தின் பெயர் அதுவே என்று முடிவுசெய்துவிட்டான். முழு வாக்கியத்தையும் ஒரே சொல்லாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். திருத்த வேண்டியது நம் பேச்சை. கேள்வியாகக் கேட்பதை விட்டு, அவன் வாயிலிருந்து வரவேண்டிய வடிவத்திலேயே நாம் சொல்ல வேண்டும். டம்ளரைக் காட்டி 'தண்ணீர் வேண்டும்' என்று சொல்லிக் கொடுங்கள். 'நீ', 'நான்' குழம்புவதும் இதே காரணத்தால்தான். நல்ல வேளையாக, நம் மொழியில் 'வேண்டும்' என்று மட்டும் சொன்னாலே போதும்; எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும்.

விளம்பரத்தையோ தொடர் வசனத்தையோ ஓயாமல் சொல்லும் பிள்ளையிடமும், அது எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துவையுங்கள். பயத்தில் சொல்கிறானா, மகிழ்ச்சியில் சொல்கிறானா என்பது ஒரு வாரத்தில் புலப்படும்.

ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று சொன்னார்கள்.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை. வீட்டில் யாரும் இயல்பாகப் பேசாத மொழியில் பேசச் சொன்னால் நடப்பது ஒன்றுதான்: ஐயாவும் அப்பத்தாவும் பேரனிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த நட்டத்தை எந்தத் தெரபியாலும் ஈடுகட்ட முடியாது. உங்களுக்குத் தாலாட்டு வரும் மொழியில் பேசுங்கள்.

இட்லி, தயிர்ச்சோறு தவிர எதையும் தொடுவதில்லை. பாலும் கோதுமையும் நிறுத்தச் சொல்கிறார்களே?

பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே நான்கே பண்டம் உண்ணும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பறிப்பது சரியல்ல. ஒவ்வாமை இருப்பதாகச் சந்தேகம் என்றால் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு நிறுத்தலாம்.

வெள்ளையாகவும் மென்மையாகவும் ஒரே சீராகவும் இருப்பது அவனுக்குப் பாதுகாப்பு. அங்கிருந்து ஓரடி மட்டும் நகருங்கள்: இட்லியிலிருந்து வெள்ளைப் பணியாரம், அதிலிருந்து ஓரம் சற்றே சிவந்த பணியாரம், பிறகு இடியாப்பம். புதியதைத் தட்டில் வைக்காமல் பக்கத்துக் கிண்ணத்தில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது எல்லாமே சாப்பிடுவதற்கு முந்தைய படிகள். திணிக்கவே வேண்டாம்.

பழைய வீடுகளில் உதிரும் சுண்ணாம்பையோ மண்ணையோ சுரண்டித் தின்கிறான் என்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ கூட்டிப்போனால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். வீட்டிலேயே விட்டுவிடலாமா?

கெட்டிமேளமும் வெடியும் ஒலிபெருக்கியும் ஒன்றாக எழும்போது அவனுக்குச் சத்தம் மட்டும் அல்ல, உடம்பில் அடி விழுவது போல இருக்கலாம். அதற்காக ஊரிலிருந்தே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மேளம் தொடங்கும் முன்பே போய், இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். நம் பழைய வீடுகளில் அதற்கு வசதி உண்டு. வளவில் கூட்டம் நிரம்பினாலும் பின்கட்டில் ஓர் அறை அமைதியாக இருக்கும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவையுங்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுக்கவசத்தை வீட்டிலேயே விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். முதல் தடவை கால்மணி நேரம் இருந்துவிட்டு, அவன் அழுவதற்கு முன்னரே கிளம்பிவிடுங்கள். அழுது கிளம்பினால் அந்த அழுகைதான் அவனுக்கு நினைவில் நிற்கும்.

கன்னத்தைக் கிள்ளி 'பேர் என்ன? சொல்ல மாட்டியா?' என்று குனியும் உறவினர்களுக்கு ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: 'இவனுக்கு ஆட்டிசம், தொட்டால் பிடிக்காது, கை அசைத்தால் மகிழ்வான்.' இதைப் பலர் முன் முதல்முறை சொல்ல உங்களுக்குத் தொண்டை அடைக்கும். சொன்னபின் வரும் இலேசான உணர்வைப் பல தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அடம் பிடித்துத் தலையைத் தரையில் மோதுகிறான். ஒரு அடி போட்டால் அடங்குவான் என்கிறார்கள்.

அடம் என்பது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுவது; கேட்டது கிடைத்ததும் நிற்கும். இது வேறு. தாங்க முடியாமல் உடைந்துபோவது; அப்போது கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் பாடம் எதுவும் நடத்தாதீர்கள். தலைக்கடியில் தலையணை வையுங்கள், விளக்கையும் ஆட்களையும் குறையுங்கள், அருகில் மௌனமாக உட்காருங்கள். அடியும் சூடு வைப்பதாக மிரட்டலும் பயத்தை மட்டுமே சேர்க்கும். என்ன செய்தாலும் அடிக்காதீர்கள்.

அடங்கியபின் எழுதிவையுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது. பத்து நாள் எழுதினால் ஒரு கோலம் தெரியும். திடீரென்று புதிதாகத் தொடங்கியிருந்தால் முதலில் வலியைத் தேடுங்கள். காது வலி, பல் வலி, மலச்சிக்கல். 'வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாத பிள்ளை இப்படித்தான் சொல்லும்.

கதவு திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுகிறான்.

இந்தக் கேள்விக்கு முன் மற்றவை எல்லாம் பிறகுதான். நம் ஊர்களில் தெருவுக்கு அருகிலேயே ஊருணி. பல வீடுகளில் கிணறு. ஆட்டிசக் குழந்தைகள் பலரைத் தண்ணீர் இழுக்கிறது. அவர்களின் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவது முதன்மையான காரணங்களில் ஒன்று. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலை மறந்துவிடுகிறோம். எல்லாக் கதவிலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். திறந்தால் ஒலிக்க ஒரு மணி கட்டுங்கள். கிணற்றுக்குக் கம்பி மூடி போடுங்கள். கூட்டமான நாளில் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்பது போதாது. இந்த மணி நேரம் சித்தப்பா, அடுத்த மணி நேரம் அத்தை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

தெருமுனைக் கடைக்காரர், பூக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், எல்லோருக்கும் பிள்ளையைக் காட்டிவையுங்கள். 'தனியாகப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், பெயர் கேட்டால் சொல்ல மாட்டான்' என்று சொல்லுங்கள். கைவளையில் உங்கள் எண்ணைப் பொறித்துப் போடுங்கள். காணவில்லை என்றால் அறை அறையாகத் தேடி நேரத்தைக் கழிக்காமல், முதல் ஆளை ஊருணிக்கு ஓடச் சொல்லுங்கள். பிறகு அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098 எண்களை அழையுங்கள். நான்கு ஐந்து வயதில் நீச்சல் பழக்குங்கள். பல பிள்ளைகள் அதில் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறார்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் தண்ணீரருகே தனியே விட வேண்டாம்.

கோயிலில் நேர்ந்துகொள்ளலாமா? ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் முற்றிலும் குணமாகும் என்கிறார்களே?

நேர்ந்துகொள்ளுங்கள். கொப்புடையம்மன் சன்னதியில் நின்று அழுதுவிட்டு வந்த பிறகுதான் தனக்குத் தூக்கம் வந்தது என்றார் ஒரு தாய். அந்த வலிமை உங்களுக்கு வேண்டும். பிள்ளையைப் பட்டினி போடுவது, கட்டிவைப்பது, சூடு போடுவது, பெயர் தெரியாத பொடியைக் கொடுப்பது மட்டும் எந்தத் தெய்வத்தின் பெயராலும் கூடாது.

ஸ்டெம் செல் வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், அப்படிச் செய்வது மருத்துவர்களுக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நகையை அடகு வைத்துச் செய்துவிட்டு, ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பிய குடும்பத்தின் முகம் எனக்கு மறக்கவில்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்பதும், அழுத்த அறையில் ஆக்ஸிஜன் தருவதும் இதே வகைதான். 'முற்றிலும் குணம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் சரியாகவே ஆக மாட்டானா?

ஆட்டிசம் போகாது. ஆனால் பிள்ளை வளர்வான், கற்பான், மாறுவான். ஐந்து வயதில் பேசத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமலே எழுதிக் காட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று வயதில் யாராலும் ஜாதகம் கணிக்க முடியாது. இந்த மாதம் அவனால் முடியாததில் எது அடுத்த மாதம் முடியும் என்று மட்டும் பாருங்கள்.

நான்கு வயதாகிவிட்டது, கழிப்பறை பழகவில்லை.

பல வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில், இருட்டாக, ஈரமாக இருக்கிறது, பயப்படுவது இயல்பு. விளக்குப் போடுங்கள், கால் ஊன்ற முக்காலி வையுங்கள். மலச்சிக்கலை முதலில் சரிசெய்யுங்கள். எந்த நேரத்தில் போகிறான் என்று ஒரு வாரம் குறித்து, அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் உட்காரவையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு நிமிடம்தான். நனைந்ததற்குத் திட்ட வேண்டாம்.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள்.

மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உங்கள் பக்கம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியே கதவைத் திறந்துவிடும். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என எந்த ஒன்றியமோ அங்கே பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பே அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்கலாம். முதலில் ஒரு மணி நேரம் போதும். ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எதற்குப் பயப்படுவான், எதற்குச் சிரிப்பான், சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவான்.

மூத்தவளைக் கவனிக்கவே முடியவில்லை. எனக்கும் எதுவும் முடியவில்லை.

மூத்தவளிடம் உண்மையைச் சொல்லுங்கள்: 'தம்பிக்குப் பேச்சு வேறு மாதிரி வருகிறது, உன்னால் வந்ததில்லை, அவனைப் பார்த்துக்கொள்வது உன் வேலையும் இல்லை.' நாளுக்குப் பதினைந்து நிமிடம் அவளுக்கென்று மட்டும் வையுங்கள். அந்த நேரத்தில் தம்பியின் பேச்சே வேண்டாம்.

உங்களைப் பற்றி: தூக்கம் இல்லாமல், காரணமின்றி அழுதுகொண்டு, பிள்ளையோடு சேர்ந்து செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அன்றே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; டெலி மானஸ் என்ற அரசின் இலவசச் சேவை, தமிழில் பேசலாம். பிள்ளை இரவில் விழித்திருப்பது தொடர்ந்தால் மருத்துவரிடம் கேட்டு வழி தேடுங்கள். கடையில் நீங்களாக மருந்து வாங்க வேண்டாம்.

நீங்கள் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகாமலிருக்க, வாரத்தில் ஒரு மாலை பிள்ளையை அவன் அப்பாவிடம் முழுவதுமாக ஒப்படையுங்கள். 'எனக்குத் தெரியாது, என்னிடம் இருக்க மாட்டான்' என்பார். முதல் இரண்டு வாரம் அழுகைதான் இருக்கும். குளியலறைச் செம்பைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து வரை எண்ண அவருக்கும் தெரியும்.